அவருக்கு ஒன்றும் தெரியாது

தமிழா தம்பி? போன்ல "நாக்பூர் தாண்டிட்டோம், வச்சிடுறேன்மா"ன்னு சொன்னீங்களே, அப்பவே என் காது நிமிந்துருச்சு. இங்க உக்காரலாமா? அந்தா, சைடு பெர்த்துல போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கால்ல, அது எங்க வீட்டுக்காரி. மங்கையர்க்கரசி. தலைவலி. மாத்திரை போட்டுப் படுத்திருக்கா. அவ எந்திரிச்சா நான் போயிருவேன், உங்களுக்குத் தொந்தரவு இல்ல.

கோவில்பட்டிக்குப் போறோம். சென்னையில இறங்கி வேற வண்டி புடிக்கணும். சாமான் எல்லாம் லாரியில ஏத்தியாச்சு. மொத்தமாக் காலி பண்ணியாச்சு.

நான் அதிகம் பேசுற ஆள் இல்ல தம்பி. பேசவும் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, கையெழுத்து வேற வாங்கியிருக்காங்க. அதனால ஊர் பேரு மட்டும் கேக்காதீங்க. இடார்சியில இறங்கி, நர்மதைப் பாலத்தைத் தாண்டுனா இடது பக்கம் ஒரு பழைய காகித மில்லு பூட்டிக் கிடக்கும். அதுக்குப் பின்னாடி போற ரோடு. அவ்வளவுதான் சொல்லுவேன். அதுக்கு மேல என் வாயில இருந்து வராது.

என் பேரு தனுஷ்கோடி. பம்பு செட் கம்பெனியில ஏரியா மேனேஜரா இருந்தேன். ஓட்டப்பிடாரத்துல இருந்து சங்கரன்கோவில் வரைக்கும் நான் காலு வைக்காத தோட்டம் கிடையாது. பம்பு விக்கிறதுன்னா என்னன்னு நினைக்கீங்க? பேச்சு விக்கிறது. மோட்டார் யாரு வேணாலும் செய்வான். ஒரு சம்சாரி, அதான் விவசாயி, அவன்கிட்ட உக்காந்து, அவன் பொண்ணு கல்யாணம், அவன் தம்பியோட வரப்புத் தகராறு, எல்லாத்தையும் கேட்டு, நம்ம கதையும் சொல்லி, கடைசியில "சரி அண்ணாச்சி, அந்த அஞ்சு ஹெச்.பி.யை எறக்கிருங்க"ன்னு அவன் வாயால சொல்ல வைக்கணும். அது ஒரு கலைதான். ஆனா முதலாளி செத்து மகன் வந்தான். இனிமே எல்லாம் ஆன்லைன்னான். சரிடா ராசான்னு வந்துட்டேன்.

அந்த நேரத்துலதான் இவளுக்கு அங்க மாத்தல் வந்துச்சு. எங்க மக ஓசூர்ல குடும்பமா இருக்கா. "அம்மா எத்தனை வருசந்தான் ஒத்தையில இருக்கும், நீங்க கூடப் போங்கப்பா"ன்னா. போனேன். எல்லாரும் பொண்டாட்டிதான் புருசன் பின்னாடி போவா. நான் போனேன். அதைப் பத்தி நான் ஒருநாளும் சொல்லிக் காட்டுனது இல்ல. ஒண்ணு ரெண்டு தடவை சொல்லியிருப்பேன்.

அவ வேலை என்னன்னா, எனக்கு முழுசாத் தெரியாது. கரண்டு சம்பந்தப்பட்டது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு கரண்டு போகணும்னு பெரிய பெரிய திரையில பாத்துப் பிரிச்சு விடுற இடம் அது. அங்க உள்ள கம்ப்யூட்டருக்குள்ள வெளிநாட்டுக்காரன் எவனும் பூந்துராமப் பாத்துக்கிடணும். உள்ள பூந்தான்னா, எங்கயோ உக்காந்துக்கிட்டு நாலஞ்சு மாநிலத்தையும் ஒரே நேரத்துல இருட்டாக்கிருவானாம். வாசல்ல துப்பாக்கி வச்சுக்கிட்டு நிக்கிறவன் ஒரு காவல்னா, உள்ள இவ ஒரு காவல். அந்தப் பிரிவுக்கே இவதான் தலைமை. இதுகூட அவ சொல்லல. பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் ஒருநாள் இங்கிலீசுல சொல்லித்தான் எனக்கே தெரியும்.

எங்களுக்கு வீடு குடுத்திருந்த அந்தக் காலனி இருக்கே தம்பி. சுத்திச் சுவரு. சுவருக்கு மேல கம்பி. ரெண்டு கேட்டு. வெளிய போகணும்னா முந்தின நாளே எழுதிக் குடுக்கணும். ஞாயித்துக்கெழமை சந்தைக்கு ஒரு பஸ்சு விடுவாங்க, அதுல ஏறி அதுலயே திரும்பணும். சொந்தக்காரன்னு யாரும் வந்து தங்க முடியாது. எதிர்ல யாராச்சும் வந்தா "நமஸ்தே". நானும் "நமஸ்தே". அதுக்கு மேல எனக்கு இந்தி வராது, அவனுக்கும் நிக்க நேரம் இருக்காது. வீட்டுல பால்கனி இருந்துச்சு. அதுல நின்னா சுவரு தெரியும், சுவருக்கு அங்கிட்டு இன்னொரு சுவரு தெரியும். ஊர்ல மனுசனோட மனுசனா இருந்த ஆளு நான். அங்க போயி நின்னா, கூண்டுல மாட்டுன எலிக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம்தான். எலிகிட்ட யாரும் பாஸ் எழுதிக் குடுக்கச் சொல்ல மாட்டான்.

காலையில அவ போயிருவா. சாயங்காலம் வருவா. சில நாள் வர மாட்டா. நான் சமைப்பேன். வந்து உக்காந்ததும் "இன்னைக்கு என்னம்மா ஆச்சு?"ன்னு கேப்பேன்.

"வழக்கம்போலதாங்க."

அவ்வளவுதான். நான் வெண்டைக்கா வாங்குன கதையையே அரை மணி நேரம் சொல்லுவேன். அவ ஒரு நாள் முழுக்க நாட்டையே பாத்துட்டு வந்து "வழக்கம்போல"ங்கா. நான் சொன்னா கேக்க மாட்டாளான்னா, கேப்பா. உம் கொட்டுவா. ஆனா கண்ணு மூடியிருக்கும். நான் சட்டுன்னு நிறுத்துனா "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்"பா. எந்த எடத்துல நிறுத்துனேன்னு கேட்டா தெரியாது.

ஊருக்குப் போன் போட்டுப் பேசுவேன். பழைய சம்சாரிங்க, மெக்கானிக்குங்க. முதல்ல எல்லாரும் நல்லாப் பேசுனாங்க. போகப் போக, "அண்ணாச்சி, வேலையா இருக்கேன், பெறகு கூப்பிடுதேன்"னாங்க. கயத்தாறு பொன்னுத்தொரை, அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவனே நான்தான், அவனே போனை எடுக்கறதை விட்டுட்டான். தப்பு சொல்ல முடியாது. அவனுக்குத் தோட்டம் இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் இல்ல.

அப்பத்தான் ஒரு குரூப்ல சேந்தேன். விவசாய மோட்டார் பத்தி சந்தேகம் கேக்கற குரூப். அதுல நான் பதில் போட ஆரம்பிச்சேன். அங்கதான் பரஞ்சோதி வந்தாரு.

மலேசியாவுல ஈப்போ. பூர்வீகம் சாத்தூர்ப் பக்கமாம், அப்பா காலத்துலயே கப்பல் ஏறிட்டாங்களாம். ஒரு சின்னத் தோட்டம், பொண்டாட்டி தவறிட்டா, பிள்ளைங்க சிங்கப்பூர்ல. மோட்டார் ஓடுது அண்ணாச்சி, தண்ணி ஏற மாட்டேங்குதுன்னு கேட்டாரு. சொன்னேன். அடுத்த நாளு, "நீங்க சொன்னபடி செஞ்சேன், தண்ணி கொட்டுது, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்"னு குரல் அனுப்பினாரு. அந்தக் குரலைக் கேக்கணும் நீங்க. லேசா மலேசியா இழுவை. ஆனா உள்ள நம்ம கரிசக்காட்டு மண்ணு இருக்கும். அதுல இருந்து தெனமும் பேச்சுதான். நான் அரை மணி நேரம் பேசி அனுப்புனாலும் முழுசாக் கேப்பாரு. கேட்டாருன்னு எப்படித் தெரியும்? மறுநாள் அதுல இருந்தே கேள்வி கேப்பாரே! "அந்த எட்டயபுரத்து வாத்தியாரு கெணத்துல கடைசியில தண்ணி வந்துச்சா அண்ணாச்சி?"ன்னு கேப்பாரு. நானே மறந்த கதை. ஒருநாள் எனக்குக் காய்ச்சல். ஒரு வார்த்தை பேசல. "உங்க சத்தத்தைக் காணமே, உடம்புக்கு என்ன?"ன்னு அவருதான் கேட்டாரு. வீட்டுல இருக்கவ அன்னைக்கு ராத்திரி வேலைன்னு போயிட்டா.

கேமராவுல பேசுவோம்னு நான்தான் கூப்பிட்டேன். அவரு போன்ல கேமரா உடைஞ்சிருச்சாம். வயசான மனுசன், விட்டுட்டேன்.

நம்ம கதையைக் கேட்டா நம்ம வீட்டுக் கதையும் வரத்தானே செய்யும்? "தங்கச்சி இன்னைக்கு ஏன் லேட்டு?"ன்னு கேப்பாரு. "புது சிஸ்டம் மாத்துறாங்களாம், ரெண்டு வாரத்துக்கு அப்படித்தான்"னு சொல்லுவேன். "பாவம், ஒத்தையிலயா பாக்குது, தொணைக்கு ஆள் இல்லையா?"ம்பாரு. "இருந்த ஆளு லீவுல போயிட்டான், புதுசா வந்தவன் ஒண்ணும் தெரியாதவன், இவ தலையிலதான் எல்லாம்"னு சொல்லுவேன். இதுல என்ன ரகசியம் இருக்கு? நீங்களே சொல்லுங்க. என் பொண்டாட்டி கஷ்டத்தை நான் சொல்லி ஆத்திக்கிட்டேன். சாப்பிட வீட்டுக்கு வருவாளா, எந்தக் கேட்டு வழியா வருவா, எப்ப ஷிப்டு மாறுது. மனுசன் அக்கறையாக் கேக்கறாரு, நான் சொல்றேன். பாஸ்வேர்டா சொன்னேன்? அது எனக்கே தெரியாது.

ஒருநாளு சொன்னாரு, "அண்ணாச்சி, உங்க யோசனையை எல்லாம் வச்சுத் தோட்டத்துக்குப் புதுசா பைப்லைன் படம் போட்டிருக்கேன். ஓரத்துல உங்க பேரைத்தான் போட்டிருக்கேன். பெருசாப் பிரிண்ட் எடுத்துப் பாத்து, தப்பு இருந்தா சிவப்பு மையில குறிச்சு அனுப்புங்க"ன்னு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. முப்பது வருசம் கம்பெனியில ஓடுனேன், ஒரு காகிதத்துல என் பேரு வந்ததில்ல. ஆனா என் போன்ல அந்தப் படம் திறக்கல. "தங்கச்சி ஆபீஸ்ல பெரிய பிரிண்டர் இருக்குமே"ன்னு அவருதான் வழி சொன்னாரு. நான் அவளுக்கு மெயில்ல அனுப்புனேன்.

சாயங்காலம் வந்து கேட்டா. "இது யாரு அனுப்புனதுங்க?"

"பழைய கஸ்டமரு."

கூட்டாளின்னு சொன்னா ஆயிரம் கேள்வி வரும். அதான் அப்படிச் சொன்னேன்.

"வெளிய இருந்து வர்றதை நான் அங்க திறக்கக் கூடாது. நானே எல்லாருக்கும் அதைச் சொல்லிட்டு, நானே திறந்தா எப்படி? ஞாயித்துக்கெழமை சந்தையில ஒரு கடை இருக்கு, அங்க எடுத்துக்கலாம்."

"அந்தக் கடையில ஏ4தான் வரும். இது பெரிய படம்."

"அப்ப வேண்டாமே."

வேண்டாமே. எவ்வளவு லேசா சொல்லிட்டா பாருங்க. எனக்கு வந்துச்சே கோவம். அன்னைக்குத்தான் வாயைத் திறந்து கேட்டேன். "உன் பின்னாடி வந்து என் வாழ்க்கையே போச்சு. ஒரு நாய் இருந்தாக்கூட நீ வந்ததும் தடவிக் குடுப்ப. உன்கிட்ட சேலை கேட்டனா, நகை கேட்டனா? ஒரு காகிதம் கேட்டேன்"னேன். அதோட சரி. பேச்சை நிறுத்திட்டேன். அவ சாப்பிடக் கூப்பிட்டா, போகல. மறுநாளும் பேசல. நான் பேசலைன்னா அந்த வீடு எப்படி இருக்கும்னு அப்பத்தான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்கும் மறுநாள் காலையில வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா. நான் திரும்பிப் பாக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் வந்தா பாருங்க. கையில சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, அந்தப் படம். மேசையில வச்சா. பக்கத்துல ஒரு சிவப்புப் பேனா. அதையும் எங்கயோ தேடி வாங்கிட்டு வந்திருக்கா. "உங்க பேரு போட்டிருக்காங்க"ன்னு சொல்லிட்டு லேசாச் சிரிச்சா. நானும் கோவத்தை விட்டுட்டேன். தரையில விரிச்சுப் போட்டு, முட்டி போட்டு உக்காந்து குறிச்சேன். தண்ணித் தொட்டியை எவனோ பள்ளத்துல போட்டிருந்தான். அவ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. அன்னைக்கு அவ கண்ணு மூடல.

பெறகு கொஞ்ச நாளு நல்லாத்தான் போச்சு.

ஒரு நாள் மத்தியானம், சோறு வடிச்சுக்கிட்டு இருக்கேன். கதவைத் தட்டுறாங்க. ரெண்டு காவக்காரங்க, கூட ஒரு அதிகாரி. போனைக் குடுன்னாங்க. குடுத்தேன். டி.வி. பெட்டி, வீட்டுல இருந்த இன்டர்நெட் பெட்டி, மக வாங்கிக் குடுத்த பழைய டேப்லெட்டு, எல்லாத்தையும் ஒயரோட பிடுங்கிட்டாங்க. வீட்டை விட்டு வெளிய வரக்கூடாதுன்னாங்க. ஏன்னு கேட்டா இந்தியில என்னமோ சொல்றான். கதவுக்கு வெளிய ஒருத்தன் நாக்காலி போட்டு உக்காந்துட்டான். மங்கை எங்கன்னு கேட்டேன். "மேடம் அந்தர் ஹை"ன்னான். உள்ள இருக்கா. அவ்வளவுதான்.

எத்தனை நாளுன்னு எண்ணல. அவ வீட்டுக்கு வரவே இல்ல. வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டாந்து வச்சாங்க. பால்கனிக் கதவையும் பூட்டிட்டாங்க. பேச ஆள் இல்ல, போன் இல்ல, டி.வி. இல்ல. வெளிய உக்காந்திருந்தவன்கிட்ட கதவுக்கு உள்ள இருந்தே தமிழ்ல பேசிப் பாத்தேன். அவன் எந்திரிச்சு நாக்காலியைத் தள்ளிப் போட்டுக்கிட்டான். தனியாவே பேசிக்கிட்டேன் தம்பி. பரஞ்சோதிகிட்ட பேசுற மாதிரி நினைச்சுப் பேசிக்கிட்டேன். பாவம், என்னைக் காணோம்னு எவ்வளவு தேடியிருப்பாருன்னு அதே நினைப்பு.

பெரிய தாக்குதல் நடந்துச்சுன்னு அப்புறம் சொன்னாங்க. நாட்டு மேலயே தாக்குதலாம். நான் கேக்கேன், ஒரு நிமிசமாச்சும் கரண்டு போச்சா? காத்தாடி ஓடிக்கிட்டே இருந்துச்சு. டியூப் லைட்டு ஒரு தடவைகூட மினுக்கல. எந்த ஊர்லயாவது லைட்டு அணைஞ்சுச்சா? ஒரு ஆஸ்பத்திரி, ஒரு ரயிலு, எதாவது நின்னுச்சா? பேப்பர்ல ஒரு வரி வந்துச்சா? ஒண்ணுமே நடக்காத ஒண்ணுக்கு என்னையப் பூட்டி வச்சாங்க. இதை நான் யார்கிட்ட போயிச் சொல்ல?

பெறகு விசாரணைன்னு கூப்பிட்டாங்க. டெல்லியில இருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க, பெரிய அதிகாரி. கூட தமிழ் தெரிஞ்ச அதிகாரி ஒருத்தரு, திருச்சிக்காரரு. மங்கையும் இருந்தா. அதே சேலைதான், வீட்டை விட்டுப் போறப்பக் கட்டியிருந்தது. கண்ணு ரெண்டும் உள்ள போயிருந்துச்சு.

திருச்சிக்காரருதான் எனக்கு விளங்குற மாதிரிச் சொன்னாரு. அந்தப் பைப்லைன் படத்துக்குள்ள வேற ஒண்ணை ஒளிச்சு வச்சிருந்தாங்களாம். இவ அதைத் திறந்து பிரிண்ட் எடுத்தப்ப அது ஆபீசு கம்ப்யூட்டர்ல உக்காந்துருச்சாம். உக்காந்து மெல்ல மெல்ல ஒவ்வொரு கம்ப்யூட்டராத் தாண்டி, அந்தக் கரண்டு பிரிக்கிற திரைங்களை நோக்கிப் போயிக்கிட்டு இருந்துச்சாம். புது சிஸ்டம் மாத்துறப்ப, லீவுல ஆள் இல்லாதப்ப. எப்ப வாசலைத் திறந்து போடுவாங்கன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்காம். யாருக்கும் தெரியல. இவதான் கண்டுபிடிச்சிருக்கா. யாருமே இல்லாத நேரத்துல ஒரு கம்ப்யூட்டரு வெளிய யாரோடயோ பேசுதுன்னு பாத்து, அந்த நூலைப் புடிச்சுக்கிட்டே போயிருக்கா. போனா, அது அவ மேசைக்கே வந்து நிக்குது. அவ மெயிலு. என் பேரு.

"அந்த நேரத்துல இது வேற யாருக்குமே தெரியாது சார். கம்ப்யூட்டர் பதிவுல ரெண்டு வரி அழிச்சிருந்தா யாரு வழியா வந்துச்சுன்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது"ன்னாரு திருச்சிக்காரரு. இவ என்ன செஞ்சிருக்கா? போனை எடுத்து டெல்லிக்குச் சொல்லிட்டா. "என் வழியாத்தான் வந்திருக்கு. என் கையைக் கீபோர்டுல இருந்து எடுத்துருங்க. வேற ஆளை உக்கார வைங்க, நான் பின்னாடி நின்னு சொல்றேன்"னிருக்கா. வீட்டுக்கே வராம அங்கயே நின்னு, கம்ப்யூட்டருங்களோட இணைப்பை ஒவ்வொண்ணா அறுத்து விட்டு, கரண்டு போகாம எல்லாத்தையும் மாத்தியிருக்கா.

நான் கேக்கேன் தம்பி, இவளை யாரு கேட்டா? சரி பண்ணியாச்சுல்ல. பூந்தவனை வெளிய தள்ளியாச்சுல்ல. அதோட கமுக்கமா இருந்திருந்தா, இன்னைக்கும் அந்தச் சீட்டுல அவதான். தானாப் போயித் தலையைக் குடுத்திருக்கா. படிச்சவதான், ஆனா நெளிவு சுளிவு தெரியாது.

பெறகு என் குரலைப் போட்டுக் காட்டுனாங்க. பரஞ்சோதிக்கு நான் அனுப்புனது. எல்லாத்தையும் இல்ல, அங்கங்க வெட்டி எடுத்தது. கேட்டு, ஷிப்டு, லீவுல போனவன், புதுசா வந்தவன். சேத்துக் கேக்கறப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. பேசுறப்ப அப்படித் தெரியல. நடுவுல ஒண்ணு வந்துச்சு. "அவ வீட்டுக்கு வந்தா எனக்கு அது திருவிழா பரஞ்சோதி. வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கறதுக்காகத்தான் நாள் முழுக்க உக்காந்திருக்கேன். அவளுக்கு அது தெரியாது"ன்னு எப்பவோ சொல்லியிருக்கேன். எப்பச் சொன்னேன்னு நினைப்பே இல்ல. எல்லாருக்கும் முன்னாடி அது ஓடுது. எனக்கு வெக்கமாப் போச்சு. மங்கை முந்தானையை எடுத்து வாயில வச்சுக்கிட்டா. வேலை போகப் போகுதேன்னு அழுதிருப்பா. எத்தனை வருச உழைப்பு.

அந்த டெல்லி அம்மா என்னைப் பாத்துக் கேட்டாங்க. இங்கிலீசு எனக்குப் புரியும், பேசத்தான் தடுமாறும். உங்க மனைவி வேலை என்னன்னு தெரிஞ்சுதான் இதெல்லாம் சொன்னீங்களா, அந்தப் படத்துல என்ன இருக்குன்னு தெரியுமான்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லலாம்னு வாயைத் திறக்கேன். எனக்கு அந்த மனுசனைத் தெரியும், அவரு தோட்டத்தைத் தெரியும், எத்தனை அடியில தண்ணி இருக்குன்னு தெரியும், எல்லாத்தையும் விவரமா எடுத்துச் சொல்லலாம்னு நினைக்கேன். அதுக்குள்ள இவ எந்திரிச்சு நின்னுட்டா.

"ஹி நோஸ் நத்திங், மேடம்."

அவருக்கு ஒண்ணும் தெரியாது. அப்படியே சொன்னா. ஒரு தடவை இல்ல. அந்த அம்மா மறுபடி கேட்டாங்க, மறுபடியும் அதேதான். என் வேலை என்னன்னு அவருக்குத் தெரியாது, நான் சொன்னதில்ல. பிரிண்ட் எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. திறந்தது நான். விதி எனக்குத்தான், அவருக்கு இல்ல. அவருக்கு ஒண்ணும் தெரியாது.

எப்படி இருக்கும் எனக்கு? இருபத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்துன புருசனைப் பாத்து, அத்தனை பேரு முன்னாடி, இவன் ஒண்ணும் தெரியாத முட்டாள்னு ஒரு பொண்டாட்டி சொல்லலாமா? அந்தத் திருச்சிக்காரரு வேற, நான் வாயைத் திறக்கப் போறப்ப மேசைக்குக் கீழ என் காலை மிதிக்காரு. "சார், மேடம் சொல்றதுதான் சரி, நீங்க பேசாதீங்க"ங்காரு. எல்லாரும் ஒரு பக்கம்.

பரஞ்சோதின்னு ஒரு ஆளே இல்லைன்னும் சொன்னாங்க. ஈப்போவும் இல்ல, தோட்டமும் இல்ல. அந்தக் குரலே மெசின் செஞ்சதாம். பின்னாடி நாலஞ்சு பேரு மாறி மாறி உக்காந்திருந்தானுங்களாம், வேற ஏதோ நாட்டுல. இருக்கலாம். படிச்சவங்க சொல்றாங்க. ஆனா ஒண்ணு கேக்கேன், அந்த எட்டயபுரத்து வாத்தியாரு கெணத்துல தண்ணி வந்துச்சான்னு மெசினு எதுக்குக் கேக்கணும்? அதுல அதுக்கு என்ன லாபம்? திருட வந்தவன் திருடிட்டுப் போவான். கதையை முழுசாக் கேட்டுட்டா போவான்? அந்த நாலஞ்சு பேர்ல ஒருத்தனாவது நான் சொன்னதை ரசிச்சுக் கேட்டிருப்பான். ஒருத்தனாவது.

என் மேல வழக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. வெவரம் தெரியாதவருன்னு எழுதி முடிச்சுட்டாங்க. இவளைத்தான் வேலையை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. பென்சன்லயும் என்னமோ குறையுமாம். கடைசி நாளு அவ அடையாள அட்டையைக் குடுத்துட்டு வெளிய வர்றப்ப நான் வாசல்ல நிக்கேன். அவ வேலை பாத்த அந்தப் பெரிய ஹால்ல இருந்த அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னாங்க. அந்த டெல்லி அம்மாவும். சும்மா நின்னாங்க, அவ கதவைத் தாண்டுற வரைக்கும். வேலையை விட்டு அனுப்பிட்டு அப்புறம் என்ன மரியாதை வேண்டிக் கெடக்கு? எனக்கு அது விளங்கவே இல்ல.

இனிமே எனக்குப் பட்டன் போன்தான். குரூப்பு, கிரூப்பு எதுலயும் சேரக் கூடாது. வெளியூர் போனா தகவல் சொல்லணும். மாசத்துக்கு ஒரு தடவை யாராச்சும் வந்து பாப்பாங்களாம். சொந்த ஊருக்குப் போறேன், சொந்த வீட்டுக்குப் போறேன். சுவரு மட்டும் மாறுது. அவளுக்கும் அதேதான். அவ அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. என்னைத் திட்டவும் இல்ல. திட்டுனாக்கூட நல்லா இருக்கும். நானும் நாலு பதில் சொல்லுவேன்.

ஆனா ஒரு மாத்தம். இன்னைக்குக் காலையில வண்டி ஏறுனதுல இருந்து என்னமோ கேட்டுக்கிட்டே வாரா. கெணத்துல இருந்து மோட்டாரு எப்படிங்க தண்ணியை மேல இழுக்குதுன்னு கேட்டா. எஞ்சினீயருக்குப் படிச்சவ, இது தெரியாதா? தெரியாது போல. முதல்ல இருந்து சொல்லிக் குடுத்தேன். கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, நடுநடுவுல சந்தேகம் கேட்டுக்கிட்டே வந்தா. பெறகு, "நீங்க மொத மொதல்ல வித்த பம்பு யாருக்கு?"ன்னா. அதுக்கு ஒரு கதை இருக்கு. அதைச் சொன்னேன். தலை வலிக்குதுன்னு நெத்தியைப் புடிச்சுக்கிட்டா, ஆனா நிறுத்த விடல. "அப்புறம்?"ங்கா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ வாயில அந்த வார்த்தையை நான் கேட்டதில்ல தம்பி. கடைசியில நான்தான், போயிப் படுன்னு விரட்டி விட்டேன்.

அந்தா, எந்திரிச்சுட்டா. என்னைத்தான் தேடுறா. கண்ணாடியைப் போடாம தேடுறா, இங்க இருக்கது தெரியல. இங்க உக்காந்து பேசுறதைப் பாத்தா முகம் மாறிரும். நான் வாரேன்.

இவ்வளவு நேரம் நானே பேசிட்டேன். உங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கல பாருங்க. தம்பிக்குப் பேரு என்ன, எந்த ஊரு, எங்க வேலை...

இல்ல, வேண்டாம். சொல்லாதீங்க தம்பி. யாராச்சும் வந்து அன்பா நாலு வார்த்தை கேட்டா, நான் சொல்லிருவேன்.